சிரிப்பு எடுக்காமல் விட்ட சாவு

வடபழனியில் எங்கள் கிடங்குத் தெருவில், ஒரு காலத்தில் சினிமா கம்பெனிகள் அட்டைத் தூண்களையும் தகரக் கிரீடங்களையும் அடுக்கி வைத்திருந்த அந்தத் தெருவில், நடிகர் வேதரத்தினம் செத்துப்போன பிறகும் முன்போலவே குடியிருந்தார், முன்போலவே விடிந்ததும் பேப்பர் எங்கே என்று கேட்டார், முன்போலவே காப்பியில் சர்க்கரை கம்மி என்று முகம் சுளித்தார். இதில் வெளித்தெருக்காரர்களுக்கு என்ன அப்படி ஆச்சரியம் என்று எங்களுக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அவருக்குச் சாவு என்பது புதிதா என்ன? வேதாரண்யத்துப் பக்கம் உப்பளக் குடும்பத்தில் பிறந்து, மெட்ராசுக்கு ரயிலேறி வந்து, சபா நாடகங்களில் மீசை அரும்பும் வயதிலேயே தலையில் வெள்ளை மாவைப் பூசிக்கொண்டு கிழவராக நடித்தவர் அவர். நாடகத்தில் அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தால் முன் வரிசையில் முறுக்கு கடிக்கிற சத்தம் நின்றுவிடும் என்பார்கள். அதைப் பார்த்து சினிமாக்காரர்கள் கூப்பிட்டார்கள். கூப்பிட்டவர்கள் எல்லோரும் கதாநாயகியின் அப்பா வேடம்தான் கொடுத்தார்கள், அப்பா வேடம் கொடுத்தவர்கள் எல்லோரும் இடைவேளைக்கு முன்னால் அவரைக் கொன்றார்கள். லாரியில் அடிபட்டுச் செத்தார், வில்லன் கத்தியில் செத்தார், மகள் ஓடிப்போன சேதி கேட்டுச் செத்தார், மகள் திரும்பி வந்த சேதி கேட்டும் செத்தார். ஓய்வுபெற்ற தபால்காரராக ஒரு படத்தில் அவர் செத்த விதத்துக்கு டெல்லியில் கூப்பிட்டு விருதே கொடுத்தார்கள். இடைவேளைக்குப் பிறகு மாலை போட்ட படமாகச் சுவரில் தொங்குவார். படத்தின் கடைசியில் கதாநாயகி கல்யாணப் புடவையில் வந்து அந்தப் படத்தைத்தான் கும்பிடுவாள். தான் பெற்ற திரைப்பெண்கள் ஒருத்தியின் கல்யாணத்தையும் அவர் உயிரோடு இருந்து பார்த்ததில்லை.

செத்தவர்களைப் பற்றி சினிமாக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. நாடகத்தில் செத்தவர்கள் கடைசியில் திரை தூக்கியதும் வரிசையாக வந்து நின்று கும்பிடுவார்கள், அதனால் அங்கே எந்தச் சாவும் ஒட்டிக்கொள்வதில்லை. சினிமாவில் அப்படிக் கும்பிட வழி இல்லாததால், சாகிற காட்சியோ பிணமாகக் கிடக்கிற காட்சியோ எடுத்து முடித்தவுடன், கேமராவை நகர்த்துவதற்கு முன்னால், நடித்தவர் கண்ணைத் திறந்து கேமராவைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிக்க வேண்டும். அதையும் படம் பிடிப்பார்கள். பிறகு வெட்டிப் போட்டுவிடுவார்கள். உதவி இயக்குநர்களில் ஒருவர் இதற்கென்றே "சார், ஒரு சிரிப்பு சார்" என்று ஞாபகப்படுத்துவார். வேதரத்தினமும் அத்தனை சாவுக்கும் அப்படிச் சிரித்துவிட்டுத்தான் எழுந்து டீ கேட்பார்.

தப்பு நடந்தது அவர் மிக நன்றாக நடித்துவிட்டதால்தான். ஆஸ்பத்திரி செட்டில், வெளிநாட்டிலிருந்து வராத மகளின் பெயரைப் பாதி சொல்லி, மீதியை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு அவர் கண்ணை மூடியபோது, கட் சொல்ல வேண்டிய இயக்குநர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வெளியே போய்விட்டார், லைட்டுக்காரர்கள் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்கள், சிரிப்பை ஞாபகப்படுத்த வேண்டிய உதவி இயக்குநர் அட்டைச் சுவரில் தலையைச் சாய்த்துத் தேம்பிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து யாரோ சாப்பாடு வந்தாச்சு என்று குரல் கொடுத்தார்கள். அன்றைக்கு வஞ்சிர மீன் குழம்பு. எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு பந்திக்குப் போய்விட்டார்கள். கட்டிலில் கிடந்த மனுஷன் முதுகு வலித்த பிறகு தானாக எழுந்து, மேக்கப்பைக் கலைத்துவிட்டு, கம்பெனி காரில் வீட்டுக்கு வந்துவிட்டார்.

காப்பி டம்ளரை வாங்கும்போது விரல் பட்டு, அவர் மனைவி பூங்காவனம்தான் முதலில் கண்டுபிடித்தார்.

"என்னங்க, கை இப்படி ஜில்லுனு இருக்கு?"

"ஷூட்டிங் நடந்தது ஏசி ஃப்ளோர்ல."

"ஏசிக்கு இப்படி இருக்காது. மங்கை, ஓடிப் போய் டாக்டரம்மாவைக் கூட்டிட்டு வா," என்று மகளை அனுப்பினார்.

தெருமுனையில் கிளினிக் வைத்திருக்கும் டாக்டர் ஜெயசீலி வந்தார். நாடி பார்த்தார், நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார், முதுகில் வைத்துக் கேட்டார், குழாய் கெட்டுப்போய்விட்டதோ என்று தன் நெஞ்சில் வைத்துச் சரிபார்த்துக்கொண்டார். பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டே, "சார் தவறிட்டாரும்மா. மனசைத் தேத்திக்கங்க," என்றார். "ஃபீஸ் எவ்வளவுங்க டாக்டர்?" என்று கேட்டார் வேதரத்தினம்.

தெரு நல்ல தெரு. சாவு விழுந்த வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்பதால் அன்றைக்கே பக்கத்து வீட்டிலிருந்து இட்லியும் எதிர் வீட்டிலிருந்து ரசம் சாதமும் வந்தன. செத்தவரும் உட்கார்ந்து சாப்பிட்டார். துக்கம் கேட்க ஆட்கள் வந்தார்கள். அவரே எழுந்து போய் நாற்காலி எடுத்துப் போட்டார். வந்தவர்கள் அவரைப் பற்றி அவரிடமே சொல்லி அழுதார்கள், தங்கமான மனுஷனாச்சே என்றார்கள், அவரும் ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டிக்கொண்டு கூடவே அழுதார். ஒன்றே ஒன்றுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. சாவு வீட்டில் போயிட்டு வரேன் என்று சொல்லக்கூடாது அல்லவா, வந்தவர்கள் ஒவ்வொருவராகச் சொல்லாமல் கொள்ளாமல் எழுந்து போனார்கள். அத்தனை வருஷம் பழகிய ஆட்கள் ஒரு வார்த்தை சொல்லாமல் போகிறார்களே என்று அன்று முழுக்கப் புலம்பினார்.

பெரிய சிக்கல், தெருவில் இருந்த பிள்ளையார் கோயிலால் வந்தது. தெருவில் பிணம் கிடக்கும்போது கோயில் நடை திறப்பதில்லை. ஒரு நாள் இரண்டு நாள் என்றால் பரவாயில்லை, இந்தப் பிணத்தை எடுக்கிற உத்தேசம் யாருக்கும் இல்லை, எடுக்க வந்தால் அவரே என்ன ஏது என்று கேட்பார். பிள்ளையார் பட்டினி கிடந்தார், பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள் பூட்டிய கதவில் கற்பூரம் ஏற்றினார்கள். கடைசியில் குருக்கள் யோசித்து ஒரு வழி சொன்னார்.

"சார், கார்த்தால நீங்களே நடந்து தெருவைத் தாண்டிடுங்கோ. எடுத்தாச்சுன்னு நான் நடையைத் திறந்துடறேன்."

"திரும்பி வருவேனே சாமி?"

"எடுத்தப்புறம் வர்றவா விருந்தாளி. அதுக்கு சாஸ்திரத்துல தடை ஒண்ணும் கிடையாது."

அன்றிலிருந்து விடிந்ததும் வேதரத்தினம் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, தெருவைத் தாண்டி டீக்கடைக்கு நடந்து போவார். அவர் முனை திரும்பியதும் பூங்காவனம் வாசலில் தண்ணீர் அடித்துக் கழுவுவார், கோயில் மணி அடிக்கும், அந்த வீட்டில் அடுப்பு எரியும். டீயைக் குடித்துவிட்டு அவர் திரும்பி வருவார். பூங்காவனம் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, "வாங்க, நல்லா இருக்கீங்களா?" என்று விருந்தாளியை விசாரிப்பதுபோல் விசாரிப்பார். அந்த விசாரிப்பு அவருக்குப் பிடித்துப்போயிற்று. கல்யாணமான நாளிலிருந்து யாரும் அவரை வீட்டில் அப்படிக் கேட்டதில்லை.

பூங்காவனத்தின் பொட்டைப் பற்றித் தெருப் பெண்கள் தண்ணீர் லாரி வரும் இடத்தில் இரண்டு கட்சியாகப் பிரிந்து பேசினார்கள். அழிக்க வேண்டும் என்றது ஒரு கட்சி, அவர் சட்டையைத் துவைத்துப் போடுகிறவள் எதற்கு அழிக்க வேண்டும் என்றது இன்னொரு கட்சி. பூங்காவனம் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரே பேச்சில் முடித்தார்: "சினிமாவுல அவர் சாகறப்பல்லாம் நீங்க வந்து என்கிட்ட அழுதீங்க. அப்ப நான் அழிச்சிருந்தா இத்தனை நாள்ல எனக்கு நெத்தியே இருந்திருக்காது."

சேதி கேட்டு இயக்குநர்கள் வேறு போன் மேல் போன் போட்டார்கள். பிணமாக நடிப்பவர்களிடம் மூச்சை அடக்குங்கள், இமை ஆடுகிறது, வயிறு ஏறுகிறது என்று கத்திக் கத்திக் களைத்தவர்கள் அவர்கள். இப்போது மூச்சே விடாத ஒரு நடிகர் கிடைத்திருக்கிறார் என்றால் விடுவார்களா? வேதரத்தினம் ஒருவருக்கும் ஒப்புக்கொள்ளவில்லை. "செத்தவன் செத்தவனா நடிக்கிறதுல என்னய்யா இருக்கு? அதுக்கு நான் எதுக்கு?" என்று போனை வைத்தார். அந்த விஷயத்தில் எங்களுக்கு அவர்மேல் மரியாதை கூடிற்று.

இதெல்லாம் இப்படியே ஓடியிருக்கும். மகளின் கல்யாணம்தான் குறுக்கே வந்தது. மங்கையர்க்கரசி அவருக்கு நாள் கழித்துப் பிறந்த ஒரே பெண், மின்வாரிய ஆபீசில் வேலை. அவள் முதல் பிறந்தநாளுக்கு அவர் பொள்ளாச்சியில் செத்துக்கொண்டிருந்தார், பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்குக் காரைக்குடியில், பட்டம் வாங்கிய நாளில் ராமோஜி ஸ்டுடியோ பக்கம் எங்கேயோ. போகாத ஒவ்வொன்றுக்கும் அவர் சொல்லிவந்த சமாதானம் ஒன்றுதான்: உன் கல்யாணத்துக்கு என் கையால தாரை வார்த்துக் கொடுப்பேன், அன்னைக்கு எவன் கூப்பிட்டாலும் போக மாட்டேன். மங்கையும் வேறெதையும் அவரிடம் கேட்டதில்லை. அந்த ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு வளர்ந்த பெண். ஆவணியில் முகூர்த்தம் குறித்திருந்தார்கள். ஆடியில் அப்பா செத்துப்போனார்.

மாப்பிள்ளையின் அப்பா தணிகாசலம், போக்குவரத்துக் கழகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், வேலூரிலிருந்து பஸ் ஏறி வந்தார். கெட்ட மனிதர் இல்லை. நேரத்துக்கு வண்டி எடுக்க வேண்டும் என்று ஆயுள் முழுக்கப் பழகியவர், அவ்வளவுதான்.

"நான் தப்பா ஒண்ணும் சொல்லலீங்க சம்பந்தி. நீங்க இருக்கீங்கன்னா ஆவணியிலேயே வச்சுக்கலாம். இல்லேன்னா வருஷம் திரும்பட்டும். ரெண்டுல ஒண்ணு சொல்லிடுங்க. எங்க ஜனங்க என்னைக் கேக்கறாங்க."

எழுதிக் கொடுக்காத வசனத்தை வேதரத்தினம் என்றைக்குப் பேசியிருக்கிறார்?

அப்போதுதான் அந்த உதவி இயக்குநர் ஓடி வந்து காலில் விழுந்தார். சிரிப்பு எடுக்காமல் விட்டுப்போனதை அவர்தான் கண்டுபிடித்திருந்தார். எடிட்டிங்கில் தேடிப் பார்த்திருக்கிறார், சாவு இருந்தது, சிரிப்பு இல்லை. அது தெரிந்ததும் வீட்டில் எல்லோருக்கும் உயிர் வந்தது, அவரைத் தவிர. உடனே ஏற்பாடு நடந்தது. ஆஸ்பத்திரி செட்டைப் பிரித்துப் போலீஸ் ஸ்டேஷனாக மாற்றியிருந்தார்கள், பரவாயில்லை என்று லாக்கப்புக்குள் அதே கட்டிலைப் போட்டார்கள். அதே கேமரா, அதே ஆட்கள், மீன் குழம்புகூட அதே ஆள் வைத்தது. டாக்டர் ஜெயசீலி குழாயோடு தயாராக நின்றார், மங்கை கம்பிகளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வேதரத்தினம் படுத்தார், கண்ணைத் திறந்தார், கேமராவைப் பார்த்துச் சிரித்தார்.

என்ன சிரிப்பு! சாவைக் கண்டு வந்தவன் சாவுக்கே ஆறுதல் சொல்வது மாதிரி ஒரு சிரிப்பு. மொத்த யூனிட்டும் கைதட்டியது, இயக்குநர் இதைப் படத்திலேயே வைக்கப்போகிறேன் என்றார். டாக்டர் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார். இன்னொரு டேக் போனார்கள். பண்ணையார் சிரிப்பு சிரித்தார், குடிகாரன் சிரிப்பு சிரித்தார், பேரனைத் தூக்கிய கிழவன் சிரிப்பு, ஏமாந்த வாத்தியார் சிரிப்பு, எல்லாம் ஒன்றையொன்று மிஞ்சின, ஒன்றுக்கும் நாடி அசையவில்லை. கடைசியில் கேமராமேன் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"தப்பா நினைக்காதீங்க சார். முந்தியெல்லாம் நீங்க சிரிக்கிறது கேவலமா இருக்கும். வாயில எச்சில் ஒழுகும், ஒரு பக்கமா இளிப்பீங்க. அதான் வேணும்."

அந்தச் சிரிப்பை மட்டும் அவருக்கு நடிக்கத் தெரியவில்லை. வீடு திரும்பியதும், அது எப்படி இருக்கும் என்று பூங்காவனத்தைக் கேட்டார். பூங்காவனம் புடவைத் தலைப்பை விரலில் சுருட்டினார். "வீட்டுக்கு வரும்போது சிரிச்சு முடிச்சுட்டுத்தானே வருவீங்க. நான் எங்க பார்த்தேன்?" என்றார். இத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான் பூங்காவனம் அவர் எதிரில் உடைந்து அழுதார்.

பிறகு பெரியவர்கள் உட்கார்ந்து ஒரு சமரசம் பேசினார்கள். கல்யாணம் ஆவணியிலேயே நடக்கட்டும். தாரை வார்ப்பதைத் தாய்மாமனும் அத்தையும் செய்யட்டும். மேடையில் வேதரத்தினத்தின் மாலை போட்ட படத்தை வைத்துவிடலாம், பெண் அதைக் கும்பிட்டுவிட்டு மணையில் உட்காரட்டும். வேதரத்தினமும் வரலாம், முன் வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போகலாம், அதில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை. பத்திரிகை அடிக்கிறவர் பெயருக்கு முன்னால் திரு போடுவதா அமரர் போடுவதா என்று கேட்டார். ஒரு நாள் முழுக்க யோசித்து, இரண்டும் வேண்டாம், குணச்சித்திரச் செம்மல் என்று பட்டத்தை மட்டும் போடுங்கள் என்றார்கள். மங்கை பத்திரிகையைப் பார்த்தாள், ஒன்றும் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்தால் பயப்பட வேண்டும் என்பது தெருவில் எங்களுக்குத் தெரியும், வேலூர்க்காரர்களுக்குத் தெரியாது.

மாலை போட்ட படத்துக்கு அலைய வேண்டியிருக்கவில்லை. சினிமா கம்பெனிகளில் அவருடையது எந்த அளவிலும் கிடைக்கும். நல்ல பெரிய படமாக, தேக்குச் சட்டமும் சந்தன மாலையும் சிவப்பு மின் விளக்கும் போட்டு, ஆர்ட் டைரக்டரே கொண்டுவந்து மேடையில் வைத்தார். வேதரத்தினம் பட்டு வேட்டியில் முன் வரிசையில் உட்கார்ந்து, மேடையில் இருந்த தன்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் பூங்காவனம் உட்கார்ந்திருந்தார். நெற்றியில் பொட்டு இருந்தது, மேடையில் இடம் இல்லை.

நாதஸ்வரக்காரர் இழுத்துக்கொண்டிருக்க, பெண்ணை அழைத்து வந்தார்கள். "அப்பாவைக் கும்பிட்டுக்கம்மா," என்று படத்தைக் காட்டினார் கல்யாணத்தை நடத்திவைத்த எங்கள் தெருக் குருக்கள். மங்கை படத்தைத் தாண்டினாள். மேடைப் படியில் இறங்கினாள், புடவை தடுக்க ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு நேரே முன் வரிசைக்கு வந்து அப்பாவின் காலில் விழுந்தாள். வேதரத்தினம் அசையவில்லை. இத்தனை படங்களில் கல்யாணப் பெண்கள் கும்பிட்டபோதெல்லாம் அவர் சட்டத்துக்குள்தானே இருந்தார், கண் இமைக்காமல் இருப்பதுதானே அங்கே அவருக்கு வேலை. இப்போதும் அப்படியே இருந்தார்.

"அப்பா, ஏதாவது சொல்லுங்க. முகூர்த்தம் போயிடும்," என்றாள் மங்கை, நெற்றியைத் தரையில் வைத்தபடியே.

அவர் இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். யாராவது வசனம் எடுத்துக் கொடுப்பார்களா என்று பார்த்தார். யாரும் கொடுக்கவில்லை. குனிந்து மகளின் தலையைப் பார்த்தார், விடிகாலையிலிருந்து கட்டிக்கட்டி ஏற்றிய பூவின் கனத்தைப் பார்த்தார்.

"சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டார்.

மண்டபம் முழுக்கச் சிரித்தது. தாலி ஏறுவதற்கு முன்னால் பெண்ணிடம் கேட்கிற கேள்வியா இது? வேலூர்க்காரர்கள் தொடையைத் தட்டிச் சிரித்தார்கள், நாதஸ்வரக்காரர் சீவாளியை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சிரித்தார், தணிகாசலம் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வேதரத்தினம் மட்டும் சிரிக்கவில்லை. அவர் பதிலுக்குக் காத்திருந்தார்.

"இல்லப்பா. மயக்கமா வருது," என்றாள் மங்கை. எழுந்து, ஒரு கையில் அப்பாவையும் ஒரு கையில் அம்மாவையும் பிடித்து இழுத்துக்கொண்டு மேடை ஏறினாள். யாரும் தடுக்கவில்லை, சிரித்துக்கொண்டிருக்கிறபோது தடுப்பது கஷ்டம். மேடையில் இடம் போதாமல் படத்தை எடுத்து, முன் வரிசையில் அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியில் வைத்தார்கள். பன்னீர் தெளிக்க வந்தவள் அதற்கும் தெளித்துவிட்டுப் போனாள். டாக்டர் ஜெயசீலி பழக்க தோஷத்தில் பையிலிருந்து குழாயை எடுத்துக்கொண்டு எழுந்தார். மேடையிலிருந்தே பூங்காவனம் சொன்னார்: "டாக்டரம்மா, பந்தி போட்டாச்சு. போய் உக்காருங்க." டாக்டர் குழாயை உள்ளே வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார்.

மாப்பிள்ளை கையை நீட்டினான். அதன் மேல் மங்கையின் கையை வைத்து, இரண்டையும் மேலும் கீழுமாகத் தன் கைகளுக்குள் பிடித்துக்கொண்டார் வேதரத்தினம். பூங்காவனம் சொம்பைச் சரித்துத் தண்ணீர் வார்த்தார். குருக்கள் மந்திரம் சொல்லி முடித்தார், கெட்டிமேளம் கொட்டியது, நாங்கள் அட்சதையைப் போட்டுவிட்டுப் பாயசம் எந்தப் பந்தியில் என்று விசாரிக்கப் போனோம்.

வேலூரில் மறுவீட்டு விருந்தன்று தணிகாசலத்துக்கு மனசு கேட்கவில்லை. மருமகள் காப்பி கொண்டுவந்து வைத்தபோது குரலைத் தணித்துக்கொண்டு கேட்டார்.

"ஏம்மா, உங்கிட்ட மட்டும் கேக்கறேன், யார்கிட்டயும் சொல்லமாட்டேன். அப்பா கை எப்படி இருந்துச்சு? சூடா இருந்துச்சா, ஜில்லுனு இருந்துச்சா?"

"அம்மா எங்க கை மேல தண்ணி ஊத்திக்கிட்டே இருந்தாங்க மாமா. எது தண்ணி, எது அப்பா கைன்னு எனக்குத் தெரியல," என்றாள் மங்கை. டம்ளரை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள். "ஆனா இறுக்கிப் பிடிச்சிருந்தாரு. மந்திரம் முடிஞ்சும் விடல. குருக்கள்தான் ஒவ்வொரு விரலா பிரிச்சு எடுத்தாரு."